ஐஸ்பெட்டியில் ஒரு வெற்றிலை

“பெட்டிய மூடுங்கப்பா. காத்துல கரையுது பாருங்க. ஒங்க மாமியா வீட்டுச் சீதனமா அது?”

யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று அடைக்கலமேரிக்கே தெரியாது. கரையில் எந்தப் பெட்டி திறந்து கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. சொல்லிக்கொண்டே லாரியிலிருந்து ஐஸ் பாரைக் கொக்கியில் மாட்டி இழுக்கிறார், சாக்கை உதறுகிறார், மரச் சுத்தியலை ஓங்கி அதன் நடுமுதுகில் ஒன்று போடுகிறார். பிளந்த பார் மிஷினுக்குள் போய்க் கடகடவென்று நொறுங்கிக் கூடையில் கொட்டுகிறது. கூடை நிறைவதற்குள் வாங்க வந்தவனின் படகு எஞ்சினை விசாரித்து, அவன் மனைவியின் இடுப்பு வலியை விசாரித்து, போன வாரம் அவன் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததற்கு நாலு வார்த்தையும் கொடுத்து முடித்திருப்பார்.

கட்டுமாவடிக்குத் தெற்கே, கடல் உள்வாங்கினால் அரைப் பர்லாங்கு சேறு தெரியும் கரைகளில் ஒன்று சிப்பித்துறை. நாட்டுப்படகுகள் மட்டும் நிற்கிற ஊர். நண்டு, சூடை, மடவை, வாய்த்த நாளில் கொடுவா. பிடித்ததற்கெல்லாம் ஐஸ் போட்டாக வேண்டும், ஐஸ் போட வேண்டுமென்றால் மேரியிடம் வந்தாக வேண்டும். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கணவர் குவைத்தில் சமையல்காரர். வருடத்துக்கு ஒரு தடவை வருவார், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்குவார், திரும்பிப் போய்விடுவார். இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

அவர் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மிஷினை நிறுத்திய பிறகும் அதே கட்டையில் நின்றுபோன குரல். ரகசியம் என்பது அவருக்கு வராது. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் சாமியார் கையெடுத்துக் கும்பிட்டு, “நீங்க கடைசியா வாங்கம்மா” என்பார். ஒரு பெரிய வெள்ளியன்று வரிசையில் முன்னால் நின்றுவிட்டார். அவர் செய்த பாவங்களைக் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள்கூட முறையாகக் கேட்டார்கள். அதில் இரண்டு பாவம் தங்களைப் பற்றியது என்று அறிந்து, இரண்டு குடும்பங்கள் சண்டைக்கு வந்தன.

இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் கிடைக்கிற எதையும் ஐஸ்பெட்டிக்குள் போட்டுவிடுவார். ஐஸ் கொட்டகையின் மூலையில் மீனுக்கு அல்லாமல் தனக்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார். திறந்து பார்த்தால் ஒரு குடும்பமே நடத்தலாம். மல்லிகைச் சரம், மாதா சிலைக்குப் போட வேண்டிய ரோஜா, பால் பாக்கெட், மண்ணெண்ணெய் வாடை ஏறக்கூடாது என்று மெழுகுவத்தி. மின்சாரம் போய்ப்போய் வருகிற ஊரில் வீட்டு பிரிட்ஜை யாரும் நம்புவதில்லை. அதனால் நாலைந்து வீட்டுச் சுகர் ஊசி மருந்தும் அவர் பெட்டியில்தான் இருக்கும். “பட்டும் படாமப் பக்குவமா வைக்கணும். நேரா ஐஸ் பட்டா எதுவும் கருகிரும்” என்பார். ஈரத்துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கி வைக்கிற கை அது. ஒரு தடவை தன் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடினார்.

இப்படிப்பட்டவரைத்தான் ஊர்ச்சபை ஏழு பேரில் ஒருவராக உட்கார வைத்தார்கள். அதுவரை ஏழும் ஆண்கள். பெண்கள் கூடிப் போய், ஏலத்தில் நிற்பதும் மீன் விற்பதும் நாங்கள், வழக்கில் மட்டும் நாங்கள் இல்லையா என்று கேட்டார்கள். ஒரு இடம் கிடைத்தது. யாரை உட்கார வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. பெண்கள் பேசியது அத்தனையும் மேரியின் வாய் வழியாகத்தான் வந்திருந்தது.

சபைக்கு ஒரு முறை உண்டு. வழக்கைக் கேட்டு முடித்ததும் ஏழு பேரும் மீனவர் சங்கக் கட்டடத்தின் உள்ளறைக்குள் போவார்கள். ஏழு பேருக்கும் ஒரே முடிவு வர வேண்டும், ஆறுக்கு ஒன்று என்றால் செல்லாது. முடிவு வந்ததும் தலைவர் வெள்ளைச்சாமி தட்டில் ஏழு வெற்றிலையை வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சளைத் தொட்டு வைப்பார். வெற்றிலையை எடுத்தால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஆனால் ஒரு விலக்கும் உண்டு. எடுத்தவர் மெல்லாமல் வைத்திருந்து, வாடுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து தட்டில் வைத்தால் தீர்ப்பு கலைந்துவிடும். மனம் மாறுகிறவனுக்குக் கொடுத்த அவகாசம் அது. கடல் காற்றில் ஒரு வெற்றிலை எவ்வளவு நேரம் தாங்கும்? முன்னொரு காலத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் யோசனை கேட்டுத் திரும்பி ஓடி வந்தாராம். வாசலுக்கு வரும்போது இலை அப்பளமாகிவிட்டதாம். அதற்குப் பிறகு அந்த விலக்கை யாரும் நினைத்ததும் இல்லை.

இந்தத் தை மாதம் ஒரு வழக்கு வந்தது. ராசுவின் நண்டு வலைகள் கடலிலேயே காணாமல் போயின. போட்ட இடத்தில் அடையாளக் கொடிக்கம்பும் இல்லை, மிதவையும் இல்லை. நண்டு நன்றாகப் படுகிற நேரத்தில் வலை போனால் வீட்டு அடுப்பே போன மாதிரி. மறுநாள் ராசுவின் மிதவைகளில் மூன்று, நிலவழகன் படகில் கிடந்தன. அலையில் அடித்துக்கொண்டு வந்தது, எடுத்தேன், கரைக்கு வந்து கேட்டுக் கொடுக்கலாம் என்றிருந்தேன் என்றான் நிலவழகன். கேட்டுக் கொடுக்கிறவன் ஒரு ராத்திரி முழுக்க ஏன் வைத்திருந்தான் என்று ஊர் கேட்டது. அசதியில் தூங்கிவிட்டேன் என்றான். உண்மைகள் பெரும்பாலும் இப்படித்தான் உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

போலீசுக்குப் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் இரண்டு தரப்பும் ஒரு சீசன் முழுக்க அலைய வேண்டும். அன்று மத்தியானம் ஏழு பேரும் உள்ளறைக்குள் போனார்கள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை, ஒரே கதவு. கடல் காற்றுக்கு அது எப்போதும் தானாக அடித்துச் சாத்திக்கொள்ளும். அன்றைக்கு ஏழு பேரில் ஒருவரான குணசேகரன் உள்பக்கம் தாழும் போட்டார்.

குணசேகரன் கெட்டவர் இல்லை. படகுக்காரர்களுக்கெல்லாம் ஓடியாடி நிற்கிறவர். ஆனால் ராசு அவருடைய தங்கை வீட்டுக்காரர். அழுத தங்கையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஐந்து பேர் குற்றம்தான் என்று சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். வெள்ளைச்சாமி தாடையைச் சொறிந்தபடி அவர்கள் பக்கம் சாய்ந்தார். மேரி மட்டும் மிதவையோடு வந்த கயிற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இங்கிட்டுப் பாருங்கண்ணே. கத்தியில அறுத்தா முனை நறுக்குன்னு இருக்கும். இது நாரு நாராப் பிஞ்சு கெடக்கு. ஏதோ விசைப்போட்டு அடியில சுத்துற காத்தாடியில மாட்டி இழுத்துருக்கு. கொண்டுபோறவன் அவுத்துட்டுப் போவானா, பிச்சுட்டுப் போவானா?”

“காத்தாடியில மாட்டுச்சுன்னா எந்தப் போட்டு?” என்றார் குணசேகரன்.

“அது எனக்கென்ன தெரியும்? இவன்தான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.”

அவ்வளவுதான், அறை கொதித்தது. ஏதோ ஒரு விசைப்படகு என்று சொன்னால் எந்தத் துறையில் போய்க் கேட்பது, யார் கேட்பது? வலை போனவனுக்கு யார் பதில் சொல்வது? ஒருவர் கையை ஓங்கித் தரையில் அறைந்தார். ஒருவர் எழுந்து நின்று கத்தினார். குடத்துத் தண்ணீர் தீர்ந்தது. வெளியே போய் எடுத்து வருகிறேன் என்று மேரி எழுந்தபோது குணசேகரன் கதவை மறித்து உட்கார்ந்தார்.

“முடிச்சுட்டுப் போங்கக்கா. எல்லாரும் விடியக்காலம் கடலுக்குப் போகணும்.”

“தம்பி, தண்ணி எடுக்கத்தான் போறேன்.”

“ஒங்க ஒருத்தருக்காக ஆறு பேரு அடைபட்டுக் கெடக்கோம். சொல்லிட்டேன், நாளையிலருந்து ஒங்க ஐஸு ஒரு படகுலயும் ஏறாது. கட்டுமாவடியிலருந்து எறக்கிக்குவோம்.”

ஐஸ் நின்றால் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் மேரி கரையில் நிற்க ஒரு காரணமும் இல்லை. அதற்கும் அவர் அசையவில்லை. “ஏத்தாட்டிப் போங்க” என்றார். அதற்குப் பிறகுதான், மூலையில் இருந்த இன்னொருவர் யாரையும் பார்க்காமல் ஒன்று சொன்னார். “பொம்பளைய ஒக்கார வச்சோம் பாரு, நம்மளச் சொல்லணும். இந்த ஒரு தடவையோட சரி.”

அது போய்த் தைத்தது. தனக்குப் பின்னால் வேறு எந்தப் பெண்ணும் அந்த அறைக்குள் வரமாட்டாள் என்பதை மேரி நினைத்துப் பார்த்தார். வெள்ளைச்சாமி ஏதாவது சொல்வாரா என்று அவர் முகத்தைப் பார்த்தார். அவர் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தார். தட்டு வந்தது. ஆறு கை போனது. கடைசியாக மேரியின் கையும் போனது.

நிலவழகன் ஒரு வருடம் கடலில் இறங்கக்கூடாது, யாரும் அவனைப் படகில் ஏற்றவும் கூடாது, ராசுவுக்கு வலை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. வெள்ளைச்சாமி வெளியே வந்து சொன்னபோது ஊர் மேரியைத்தான் பார்த்தது. தீர்ப்பு வந்த பிறகு இரண்டு மடங்கு நேரம் அதைப் பற்றிப் பேசுவது அவர் வழக்கம். அன்று வாயைத் திறக்கவில்லை. கையைப் பொத்தியபடி கொட்டகைக்குப் போய்விட்டார்.

மறுநாள் கரையில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பெட்டி திறந்து கிடந்தன, ஒருவரும் அதட்டவில்லை. முதலில் ஜனங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மத்தியானத்துக்குள் அது மாறிவிட்டது. ஒருவர் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் அறந்தாங்கியில் தொண்டைக்கு நல்ல டாக்டர் இருப்பதாகச் சொன்னார். கோயிலில் சாமியார், “இன்னைக்கு நீங்க முன்னாடியே வரலாம்மா” என்று அழைத்தார். மேரி முன்னால் போனார், முழங்கால் போட்டார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். ஏலம் எடுக்க வருகிறவர்கள் விலையைக்கூடக் குறைத்துக் கூப்பிட்டார்கள். திட்டு விழாத கரையில் வியாபாரம் சூடு பிடிக்கவில்லை.

அங்கே நிலவழகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். போட முடியாத வலை அது. சும்மா இருந்தால் கால் தானாகக் கரைக்குப் போகிறது என்று மனைவி பொற்கொடியிடம் சொன்னானாம். பக்கத்து வீட்டுப் படகு வந்தால்கூட எழுந்து உள்ளே போய்விடுவான். நண்டு நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது.

பொற்கொடியின் அப்பாவுக்குச் சுகர். அவர் ஊசி மருந்தும் மேரியின் பெட்டியில்தான் இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு ஒரு வாரம் போல அந்தப் பக்கம் வராமல், பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பித்தான் மருந்தை எடுத்துக்கொண்டிருந்தாள் பொற்கொடி. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் அவளே வந்தாள். மேரியின் முகத்தைப் பார்க்காமல் நேராக மூலைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். மருந்தைத் தேடி ஓரத்தில் கிடந்த வேறொரு ஈரத்துணியை விலக்கினாள். விலக்கியவள் அப்படியே குனிந்து நின்றாள்.

“என்னக்கா இது?”

“வெத்தல.”

“தெரியுது. மஞ்ச தொட்டுருக்கே.”

மேரி மிஷினை நிறுத்தினார்.

“நீங்க மெல்லலையாக்கா?”

“வாய் வரைக்கும் வரலடி. பொத்துன கையோட வந்தேன். கை பாட்டுக்குத் துணியில சுத்திப் பெட்டியில போட்டுருச்சு. அப்புறம் அந்தத் துணியப் பிரிக்கவே எனக்குத் தைரியம் வரல.”

பொற்கொடி இரண்டு விரலால் காம்பைப் பிடித்து எடுத்தாள். வெளிச்சத்தில் காட்டினாள். சில்லென்று, விறைப்பாக, காலையில் கொடியிலிருந்து கிள்ளிய மாதிரி இருந்தது அந்த இலை.

“வாடலக்கா.”

அடைக்கலமேரி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு கருப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. ஒரு வாரமாக மூடிக் கிடந்த வாய் அப்போது திறந்தது. கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரோ கடலில் விழுந்துவிட்டதாக நினைத்து ஓடி வந்தார்களாம்.

“எல வாடல. கூட்டத்தக் கூட்டுங்க. வெள்ளைச்சாமி அண்ணே, தட்ட எடுத்துட்டு வாங்க. எல வாடல.”

ஒலிபெருக்கி கட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. ஏலத்துக்கு நின்ற ஜனங்கள், பாதி இறக்கிய கூடையோடு படகுக்காரர்கள், அறந்தாங்கியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மொபெட்டில் மீன் வாங்க வந்த வியாபாரிகள், எல்லோரும் சங்கக் கட்டடத்து முன்னால் கூடிவிட்டார்கள். மேரி இலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, வெயில் படாமல் இன்னொரு கையால் மறைத்தபடி நடந்து வந்தார். பொற்கொடி ஒரு கிண்ணம் நிறைய ஐஸ் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். நிலவழகன் கையில் வலை ஊசியோடு கடைசியில் நின்றான். அதைக் கீழே வைக்க மறந்துவிட்டிருந்தான்.

வெள்ளைச்சாமி இலையைப் பார்த்தார். நடுவில் இருந்த மஞ்சள் தன் விரல் வைத்ததுதான் என்பது அவருக்குத் தெரிந்தது. அதைக் குணசேகரனிடம் நீட்டினார்.

“இது செல்லாதுண்ணே” என்றார் குணசேகரன். “அன்னைக்கே வாடியிருக்க வேண்டிய எல. ஐஸ்ல வச்சு ஏமாத்துனா எப்புடி? ஐஸ்ல வச்சது கணக்கா?”

கூட்டத்தில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. முறையை உண்டாக்கியவர்கள் கடல் காற்றை நினைத்து உண்டாக்கினார்கள், ஐஸ்பெட்டியை நினைத்தா உண்டாக்கினார்கள்? மேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“ஐஸ்ல வச்சது கணக்கில்லையா தம்பி? சரி, அப்ப ஒண்ணு கேக்குறேன். போன மாசம் ஒங்க கொடுவா எங்கிட்ட எத்தன நாளு கெடந்துச்சு? பத்து நாளு. பதினோராம் நாளு ‘இப்பப் புடிச்சது, செவுளப் பாருங்க, ரத்தமா இருக்கு’ன்னு யாருகிட்ட வித்தீங்க? இந்தா நிக்கிறாரே புதுக்கோட்டைக்காரரு, இவருகிட்டத்தான வித்தீங்க? ஐஸ்ல வச்ச மீனு புதுசு, ஐஸ்ல வச்ச வெத்தல பழசா?”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. முதலில் பெண்கள் பக்கம், அப்புறம் ஆண்கள் பக்கம், கடைசியில் கொட்டகைக் கம்பங்களே ஆடுகிற மாதிரி. புதுக்கோட்டை வியாபாரி மட்டும் சிரிக்கவில்லை. மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, “என்னது, பத்து நாளா?” என்று முன்னால் வந்தார். அவரைச் சமாதானப்படுத்தவே நாலு பேர் வேண்டியிருந்தது. “அக்கா, மெதுவாப் பேசுங்க” என்று படகுக்காரர்கள் கெஞ்சினார்கள். ஐஸில் வைத்தது பழசு என்று ஒருவர் வாய் திறந்தால் அன்றைய ஏலம் அங்கேயே படுத்துவிடும். அதற்கு மேல் இலை செல்லாது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

வெள்ளைச்சாமியும் சிரித்துவிட்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை மாற்றினார்.

“சரிம்மா, எல வாடல. ஒத்துக்குறேன். ஆனா அன்னைக்கு ஏன் எடுத்தீங்க? யாரும் ஒங்க கையப் புடிச்சு எடுக்க வைக்கலையே. சபையில கேக்குறேன், சொல்லுங்க.”

மேரி பதில் சொன்னார். கதவு தாழிட்டது, தண்ணீருக்கு விடாதது, ஐஸை நிறுத்துவேன் என்றது, இனிமேல் பெண்களே வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் சொன்னார். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு ஆடியது. ஆனால் முன்னால் நின்றவர்கள்கூடக் காதை முன்னே நீட்ட வேண்டியிருந்தது.

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “கேக்கலக்கா.”

சிப்பித்துறையில் யாரும் அதுவரை அடைக்கலமேரியிடம் சொல்லாத வார்த்தை அது. அவர் நிமிர்ந்து அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கடலுக்கே கேட்டது.

“எனக்குப் பயமா இருந்துச்சுப்பா. ஐஸுக்குப் பயப்படல. எனக்கப்புறம் வர்ற பொம்பளைக்கு எடமில்லாமப் போயிரும்னு பயந்தேன். அந்தப் பயத்துல இவன் பொழப்பத் தூக்கிக் குடுத்துட்டேன். இவன் எடுக்கலன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எடுத்தான்னும் என்னால சொல்ல முடியாது. அன்னைக்கும் சொல்ல முடியல, இன்னைக்கும் முடியல. சொல்லாதத சொன்னதா எழுதிக்கிட்டீங்க.”

குணசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கோவத்துல சொன்னதுதாங்க அது” என்றார். “நெசமா ஐஸ நிப்பாட்டியிருக்க மாட்டேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

“நிப்பாட்டுவியா மாட்டியான்னு அந்த அறைக்குள்ள இருக்கவளுக்கு எப்புடித் தம்பி தெரியும்?”

“நான் தலைவன். கதவத் தெறந்துவிடுன்னு நானும் சொல்லல” என்றார் வெள்ளைச்சாமி. அதை அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்து நீட்டினார். அடைக்கலமேரி இலையைப் புடவையில் ஒற்றி ஈரம் எடுத்துத் தட்டில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்காமல், அது காற்றில் பறக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு கலைந்தது என்று வெள்ளைச்சாமி சொன்னதும் பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் கொட்டகை மேலிருந்த காக்கைகள் பறந்தன. பொற்கொடி கிண்ணத்து ஐஸை அப்படியே தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

நிலவழகன் குற்றமற்றவன் என்று யாரும் சொல்லிவிடவில்லை. வழக்கு முதலிலிருந்து பேசப்பட வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராசு முன்னால் வந்தார். வலையைப் பறிகொடுத்தவர்.

“அந்தக் கயித்த எங்கிட்டக் காட்டவே இல்லையே. பிஞ்சிருக்கா, அறுத்திருக்கான்னு எனக்குத் தெரியும்ல. எனக்கு வலை போச்சு. அதுக்காக எவன் தலையிலயாவது கட்டுனாப் போதும்னு நான் கேக்கல மச்சான்.”

குணசேகரன் உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்து மச்சான் கையில் கொடுத்தார். ராசு முனையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். நார் நாராகத்தான் வந்தது. கடைசியில் நின்ற நிலவழகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவன் கையில் இன்னும் அந்த ஊசி இருந்தது.

இப்பவே உட்காரலாம் என்றார் வெள்ளைச்சாமி. ஏழு பேரும் உள்ளறைக்குப் புறப்பட்டார்கள். ஆறு பேர் உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் அடைக்கலமேரியைக் காணோம். கடல் காற்று வந்து கதவைப் படாரென்று சாத்தியது. யாரோ திறந்தார்கள், மறுபடியும் சாத்தியது. வெளியே நின்ற ஜனங்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து தரதரவென்று ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கொக்கியில் மாட்டிய ஒரு முழு ஐஸ் பாரை மணலில் இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார் மேரி. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. வாசற்படியில் ஏற்றி, கதவை முழுக்கத் திறந்து, அதன்மேல் பாரைச் சாய்த்து அணை கொடுத்தார். காற்று ஓங்கி அடித்தது. கதவு ஓர் அங்குலம்கூட அசையவில்லை. வெளியே நின்ற ஊர் முழுக்க உள்ளே தெரிந்தது, உள்ளே இருந்த ஆறு பேரும் ஊருக்குத் தெரிந்தார்கள்.

“கரைஞ்சிரும்லக்கா” என்றார் குணசேகரன்.

“கரையட்டும். லாரியில இன்னும் கெடக்கு.”

அடைக்கலமேரி கொக்கியைச் சுவரோரம் வைத்தார். தோளில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து உதறி, பார் சீக்கிரம் கரையாதபடி நாலு பக்கமும் இழுத்துப் போர்த்திவிட்டு, அதைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார்.